கங்கைக்கு "ஆள்" பட்டம்

நமது நாட்டில் கல்லுக்குச் சொத்து உண்டு, வழக்காடும் உரிமை உண்டு, வக்கீலும் உண்டு. கோவிலிலுள்ள விக்கிரகம் சட்டப்படி ஓர் ஆள் என்பதும், அது எத்தனை நூற்றாண்டு ஆனாலும் வயது வராத மைனர் என்பதும், ஆதலால் அதன் சார்பாகப் பேச ஒரு கார்டியன் வேண்டும் என்பதும் வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டுகள் முதற்கொண்டு ஒப்புக்கொள்ளப்பட்டு வருகின்ற சங்கதிகளாகும். அந்த மைனருக்கு எழுதி வைத்த நஞ்சையும் புஞ்சையும் யார் வயிற்றுக்குள் போயின என்பதை நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நாட்டிலே, 2017-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி, உத்தராகண்ட் ஹைகோர்ட்டார் கங்கையும் யமுனையும் அவற்றின் உபநதிகளும் சட்டப்படி "உயிருள்ள ஆள்கள்" என்று ஒரு தீர்ப்புச் செய்தார்கள். கோர்ட்டுக்கு வந்த வழக்கு என்னவென்றால், ஒரு கால்வாய்க் கரையிலே சர்க்கார் நிலத்தை இரண்டு பேர் ஆக்கிரமித்துக் கொண்டார்கள், அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதுதான். ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டவருக்கு ஆறுகளே ஆளாகிவிட்டன என்ற பதிலும் சேர்ந்து கிடைத்தது. அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம், இந்துக்கள் இந்த ஆறுகளைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், விக்கிரகம் ஆளாக இருக்கும்போது ஆறு ஏன் ஆளாக இருக்கக் கூடாது என்பதே. பத்து நாள் கழித்து அதே கோர்ட்டு கங்கோத்திரி, யமுனோத்திரிப் பனிப்பாறைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

ஆள் என்று ஆன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமல்லவா? "நமாமி கங்கா" திட்டத்தின் டைரக்டர், உத்தராகண்டின் தலைமைச் செயலாளர், அந்த மாகாணத்தின் அட்வொகேட் ஜெனரல் ஆகிய மூவரும் பெற்றோர் ஸ்தானத்தில் நின்று காக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நேற்று வரை உலகத்துக்கே தாய் என்று சொல்லப்பட்டவள் இன்று மூன்று உத்தியோகஸ்தர்களுக்குக் குழந்தை ஆகிவிட்டாள். இந்த மூவரும் புதிதாக வந்தவர்களா? இல்லவே இல்லை. ஆற்றைச் சுத்தம் செய்வதற்கென்று முன்னமே சம்பளம் வாங்கிக் கொண்டிருந்தவர்களும், சுத்தம் செய்யாத சர்க்காருக்காகக் கோர்ட்டில் வாதாடிக் கொண்டிருந்தவர்களுமே ஆவார்கள். கோழிக்கூட்டுக்கு நரியைக் கார்டியனாக வைத்தது என்று சொன்னால் நரிக்குக் கோபம் வரும். நரியாவது கூட்டைக் கவனித்துக் கொண்டிருக்கும்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீலுக்குப் போனது யார் தெரியுமா? அந்த உத்தராகண்ட் சர்க்காரேதான். ஆறு பல மாகாணங்களில் ஓடுகிறது, எங்கள் அதிகாரி எப்படிப் பொறுப்பேற்க முடியும்? ஆள் என்றால் அவள் மேலும் பிராது கொடுக்கலாமே, வெள்ளம் வந்து ஜனங்கள் செத்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது? என்று கேட்டார்கள். 2013 ஜூன் மாதத்திலே கேதாரநாத்தில் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போனதை நினைத்தால் இந்தக் கேள்வி நகைக்கத்தக்கதல்ல. சுப்ரீம் கோர்ட்டார் 2017 ஜூலை 7-ந் தேதி அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தார்கள். ஆக, கங்கை ஆளாக இருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவே. அந்தக் காலத்தில் கான்பூர் சாக்கடை ஒரு குடமாவது குறைந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

நிற்க. ஆற்றுக்காக வழக்காடுவதையே நாம் பரிகாசம் செய்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வழக்காட வேண்டும் என்பதே நம் கட்சி. யாருடைய பெயரால், எதற்காக வழக்காடுவது என்பதிலேதான் நமக்குத் தகராறு.

கங்கைக்காக உருப்படியான வழக்கு ஒன்று 1985-ல் போடப்பட்டது. போட்டவர் மேத்தா என்ற வக்கீல். அவருக்குக் கங்கைக் கரையிலே நிலமில்லை. ஆற்றோரத்தில் நிலமில்லாதவனுக்கு ஆற்றைப் பற்றி என்ன பேச்சு என்பதுதான் பழைய சட்டத்தின் போக்கு. ஆனால் சுப்ரீம் கோர்ட்டார், அந்தத் தண்ணீரைக் குடித்து உயிர் வாழ்கின்ற ஜனங்களின் நன்மைக்காக வந்திருக்கின்ற மனிதன், அவன் பேச்சைக் கேட்பது சரியே என்று ஒப்புக்கொண்டார்கள். தெய்வம் என்றும் தாய் என்றும் பேச்சே தேவைப்படாமல், குடிக்கிறவன் உயிர் என்கின்ற ஒரே நியாயத்தின் மேல் அந்த வழக்கு நின்றது. பின்னர் 1991-ல் பீகாரின் பொக்காரோ ஆற்றில் நிலக்கரிக் கழிவு கலந்ததைப் பற்றி வந்த ஒரு வழக்கிலே, மாசில்லாத தண்ணீரும் காற்றும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லுகின்ற உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தவை என்று அதே கோர்ட்டு சொல்லிவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறிப்பிட்ட வழக்கு சொந்தக் காழ்ப்பினால் போடப்பட்டது என்று செலவுத் தொகையோடு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் உரிமை நிலைத்துவிட்டது.) ஆகவே ஆற்றை ஆளாக்குவதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே, ஆற்றங்கரையிலுள்ள மனிதன் ஆள்தான் என்பது தீர்ந்துபோன விஷயமாகும்.

மேத்தா வழக்கில் 1987 செப்டம்பரில் வந்த தீர்ப்பைச் சுயமரியாதைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கான்பூர் ஜாஜ்மாவ் பகுதியிலுள்ள தோல் பதனிடும் ஆலைகள், கழிவைச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டுக்குப் பணமில்லை என்றார்கள். அதற்கு நீதிபதிகள் சொன்ன பதிலின் சாரம்: குறைந்தபட்சக் கூலி கொடுக்க யோக்கியதை இல்லாத முதலாளிக்குத் தொழில் நடத்த உரிமை இல்லாதது போலவே, முதற்கட்டச் சுத்திகரிப்புச் செய்ய யோக்கியதை இல்லாதவனுக்கும் ஆலை நடத்த உரிமை இல்லை. இந்த ஒரு வாக்கியத்திலே நூறு கங்கா ஸ்தோத்திரங்களை விட அதிகமான நியாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். அடுத்த 1988 ஜனவரியில் கான்பூர் முனிசிபாலிட்டியின் பேரிலேயே உத்தரவு வந்தது. சாக்கடை போடு, பால் பண்ணைகளின் சாணத்தை ஆற்றில் தள்ளாதே (அப்போது அங்கே சுமார் 80,000 மாடுகள் இருந்ததாகக் கோர்ட்டில் சொல்லப்பட்டது), பிணங்களையும் அரைகுறையாக எரிந்த பிணங்களையும் ஆற்றில் எறியவிடாதே என்பவை அவை.

இதில் கடைசி உத்தரவை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பக்தி இருந்தால்தான் ஜனங்கள் ஆற்றைக் காப்பாற்றுவார்கள், நாத்திகர்களாகிய நீங்கள் அதைக் கெடுக்காதீர்கள் என்று நமக்குப் புத்தி சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: பிணத்தை ஆற்றிலே எறியச் சொன்னது பகுத்தறிவா, பக்தியா? கங்கையில் விட்டால் மோட்சம் என்று கற்பித்தது யார்? எதைப் போட்டாலும் அவள் புனிதமாக்கிவிடுவாள் என்று நம்புகிறவன் எதைத்தான் போடமாட்டான்? தன் வீட்டுக் கிணற்றிலே துப்பாதவன் கங்கையிலே துணிந்து துப்புகிறான், கிணற்றுக்குத் தெய்வ சக்தி இல்லை என்று அவனுக்குத் தெரியுமாகையால். இன்னொரு பக்கமும் உண்டு. 2021 மே மாதத்தில் கொரோனா நோயின் கொடுமையிலே பக்சர், காஜிப்பூர் பக்கங்களில் பிணங்கள் ஆற்றில் மிதந்தன. அது பக்தி மாத்திரமல்ல. விறகுக்குப் பணமில்லாத ஏழைகளின் கதி. கோர்ட்டு உத்தரவு போட்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகியும், ஏழையின் பிணத்துக்கு விறகு கிடைக்கவில்லை.

1986-ல் கங்கா செயல் திட்டம் வந்தது. கழிவு நீர் நிலையங்கள் கட்டப்பட்டன. யந்திரம் இருந்தது, அதைச் சுற்ற மின்சாரம் இல்லை; மின்சாரம் வந்தபோது பில் கட்ட முனிசிபாலிட்டியில் பணமில்லை. திறப்பு விழாவுக்கு வந்த புரோகிதருக்குத் தட்சணை பாக்கி நின்றதாக மாத்திரம் தெரியவில்லை. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளே, இந்தப் போக்கில் போனால் இருநூறு வருஷம் ஆனாலும் கங்கை சுத்தமாகாது என்று அலுத்துச் சொன்னார்கள். பின்பு வழக்கின் தொழிற்சாலைப் பகுதி 2014-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டது. மீதியும் 2017-ல் அங்கேயே போயிற்று. 1985-ல் போட்ட வழக்கு! அந்த வருஷம் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும்.

2015-ல் மத்திய சர்க்கார் "நமாமி கங்கா"வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. கான்பூரில் சீசாமாவ் என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பெருஞ்சாக்கடை நாளொன்றுக்குச் சுமார் 14 கோடி லிட்டர் கழிவை ஆற்றில் கொட்டிக் கொண்டிருந்தது. 2018-ல் அதைத் திருப்பிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அதைத் திருப்பியது எது? ஆரத்தியா? மந்திரமா? குழாயும் பம்பும் இஞ்சினியரும் கூலிக்காரனுமே யாகும். பெயர் மாத்திரம் "கங்கையே, உன்னை வணங்குகிறேன்" என்று வைத்திருக்கிறது.

சாக்கடைக்குள் இறங்குகிறவன் யார் என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்கின்ற திட்டமென்றால் முதலில் சாக்கடைக் குழாய். குழாய் அடைத்தால் முதலில் ஒரு மனிதன். அந்த மனிதன் என்ன ஜாதியாக இருப்பான் என்று சொல்லப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டுமா? மனிதன் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தும் குழிக்குள்ளே விஷவாயுவால் சாவது நிற்கவில்லை. சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தும்படி ஆயிற்று. ஆற்றில் முழுகுகிறவனுக்குப் புண்ணியம், ஆற்றுக்கு வரும் அழுக்கிலே முழுகுகிறவனுக்கு மூச்சுத் திணறல்; இதுவே நமது வர்ணாசிரமத்தின் தண்ணீர்ப் பாகப்பிரிவினை.

அதுபோலவே தோல் ஆலைகள் விஷயம். ஜாஜ்மாவில் தோல் தொழிலைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லீம்களும் தாழ்த்தப்பட்டவர்களுமாவார்கள். 2018 டிசம்பர் நடுவிலிருந்து 2019 மார்ச்சு நடுவரையில், கும்பமேளாவுக்கு வருகிறவர்கள் நல்ல தண்ணீரில் முழுக வேண்டுமென்று அந்த ஆலைகளை மூடும்படி உத்தரப்பிரதேச சர்க்கார் உத்தரவிட்டார்கள். ஆலைகள் குற்றமற்றவை என்று நாம் வக்காலத்து வாங்கவில்லை. தோலைப் பதனிடப் போடுகின்ற குரோமியம் உப்பு சாதாரண மலஜலத்தைப் போல மக்கிப் போகக் கூடியதன்று. சுத்திகரிப்பு நிலையத்து வண்டலிலும், அங்கிருந்து பாசனத்துக்கு விட்ட தண்ணீரின் வழியாக ஜாஜ்மாவைச் சுற்றியுள்ள கிராமத்து வயல்களிலும் அது தங்கிவிட்டது. அந்தக் கிராமத்தாருக்கு வருஷம் முழுவதும் விஷம். யாத்திரைக்காரனுக்கு மூன்று மாதத்துக்கு மாத்திரம் பாதுகாப்பு. மேளா முடிந்ததும் ஆலை திறந்துவிடும், கிராமத்தான் மறுபடியும் குடிக்கலாம்! அன்றியும் ஆற்றில் சேருகின்ற கழிவில் அளவால் மிகப் பெரியது ஊர்ச் சாக்கடையே. அந்தச் சாக்கடையில் எல்லா ஜாதியாருடையதும் இருக்கிறது. அதை மூட யாருக்கும் தைரியம் வருவதில்லை.

2025 கும்பமேளாவின் சங்கதி இதைவிட விசேஷமானது. பிரயாக்ராஜ் தண்ணீரில் மலக்கிருமியின் அளவு பல இடங்களிலும் பல சமயங்களிலும் குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியிருந்ததாக, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிப்ரவரி 3-ந் தேதி பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ரிப்போர்ட்டுக் கொடுத்தது. இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மனிதன், மாடு முதலியவற்றின் குடலிலிருந்தே வருகிறது. ஆகவே அதை எண்ணுவதென்றால் தண்ணீரில் மலம் எவ்வளவு என்று எண்ணுவதே யாகும். 100 மில்லி லிட்டருக்கு 2,500 என்பது குளிப்பதற்கு ஒப்புக்கொள்ளக் கூடிய உச்ச வரம்பு. அதையும் தாண்டிற்று என்று சர்க்கார் வாரியமே சொல்லுகிறது. இதற்கு அந்த மாகாண முதல் மந்திரி 19-ந் தேதி சட்டசபையில் என்ன சொன்னார்? தண்ணீர் குளிக்க மாத்திரமல்ல, ஆசமனம் செய்யவும் தகுதியானது. குறை சொல்லுகிறவர்கள் மேளாவைப் பழிக்கிறார்கள் என்றார். கிருமியை எண்ணிச் சொன்னவன் மதத்துரோகி ஆனான். பிறகு அதே வாரியம், கணித முறையில் சராசரி பார்த்தால் தண்ணீர் குளிக்கத் தகுந்ததாகவே இருந்தது என்று இன்னொரு ரிப்போர்ட்டும் கொடுத்தது. சராசரியில் முழுகுகிறவன் யார்? ஒருவன் ஒரு நாள் ஒரு துறையிலே முழுகுகிறான். அன்றைக்கு அந்தத் துறையில் என்ன இருந்ததோ அதுதான் அவன் வாய்க்குள் போகிறது.

படித்த பக்தர்கள் இந்த இடத்தில் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பார்கள். 1896-ல் ஹாங்கின் என்ற வெள்ளைக்காரர் கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சாவதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அச்சக்தி போய்விடுகிறது என்றும் அவரே கண்டார். புனிதம் கொதித்தால் ஆவியாகுமா? கிருமியைத் தின்னும் நுண்ணிய வைரஸ் வகை ஒன்று உண்டு என்பது 1917-க்குப் பிறகு தெளிவாயிற்று. அது இன்ன கிருமியைத்தான் தின்னும் என்ற கணக்குடையது, குரோமியத்தைத் தின்னாது. எங்கே கிருமி மிகுதியோ அங்கே அதுவும் மிகுதி. ஆகவே அதை ஏராளமாகப் பார்க்க வேண்டுமானால் ஊர்ச் சாக்கடைக்குப் போகலாம். அதனால் சாக்கடையும் புண்ணிய தீர்த்தம் என்று ஒப்புக்கொள்வார்களானால் நமக்கு ஆட்சேபணை இல்லை.

நியாயமாகப் பேசுவதென்றால் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நமது பாலாற்றுக்குக் கங்கையைப் போன்ற விளம்பரமில்லை, கும்பமேளாவுமில்லை. ஆனாலும் அதுவும் தோல் கழிவால் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி வந்த தீர்ப்பு, கெடுத்தவனே செலவைத் தர வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டமாக்கிற்று. கெடுதி வரும் என்ற சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும், கெடுதி இல்லை என்று ரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆலைக்காரன் மேல் என்றும் அதுவே சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதாகக் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்பட்டது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம். எவ்வளவு நல்ல தீர்ப்பு! 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டல் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேரை அந்தச் சேறு மூடிக் கொன்றது. சுத்தம் செய்யக் கட்டிய இடமே புதைகுழி ஆயிற்று. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2001-லும் 2009-லும் நிர்ணயித்த நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே தெய்வத்தை எடுத்துவிட்டால் மாத்திரம் ஆறு தானாகத் தெளிந்துவிடும் என்று நாம் ஏமாற்றமாட்டோம். பாலாற்றைக் கெடுத்தது பண ஆசை. கங்கையைக் கெடுப்பதும் பண ஆசையும் அசட்டையுமே. ஆனால் அங்கே அதற்குத் தெய்வம் திரை பிடிக்கிறது. பாலாற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டு வந்து கோர்ட்டில் வைத்தால், இது பாழ் என்று ஆலைக்காரனும் ஒப்புக்கொள்வான். தகராறெல்லாம் பணத்தைப் பற்றியே. கங்கைத் தண்ணீரை வைத்தால், பாழ் என்று சொல்லவே வாய் கூசுகிறது. வியாதியை வியாதி என்று சொல்லக் கூடாத வீட்டில் வைத்தியன் என்ன செய்வான்?

நியூசிலாந்திலே வாங்கனூயி ஆற்றையும் 2017-ல் ஆளாக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். ஆக்கினார்கள், பார்லிமெண்டில் சட்டம் செய்து ஆக்கினார்கள். ஆனால் அது வெள்ளையரிடம் ஆற்றைப் பறிகொடுத்த மாவோரி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி வாங்கிய உடன்படிக்கை. கார்டியன் இருவரில் ஒருவரை அந்த ஜனங்களே நியமிக்கிறார்கள். பணமும் கூட வந்தது. அங்கே ஆற்றின் பெயரால் ஒரு ஜனத்துக்கு அதிகாரம் வந்தது. இங்கே ஆற்றின் பெயரால் அதிகாரிக்கு அதிகாரம் வந்தது. கங்கைக் கரையின் செம்படவனுக்கும் ஓடக்காரனுக்கும் ஜாஜ்மாவ் கிராமத்தானுக்கும் கார்டியன் பதவியில் ஒரு நாற்காலியாவது போட்டார்களா?

இதற்கிடையில் 1974-ம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை 2024-ல் திருத்தி, பல குற்றங்களுக்கு ஜெயிலை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்ச ரூபாய் வரை அபராதம் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். முதலில் இமாச்சலமும் ராஜஸ்தானும் இதற்கு உட்பட்டன. உயிருள்ள தாய் என்று ஆற்றைச் சொல்லுகிற அதே வாய், தாய்க்கு விஷம் வைத்தவனிடம் ரசீது கிழித்துக் கொடுத்து அனுப்பச் சொல்லுகிறது.

2018 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயத்தார் ஓர் உத்தரவு போட்டார்கள். சிகரெட் பெட்டியிலே உடம்புக்குக் கெடுதி என்று அச்சடிக்கும்போது, கங்கையில் முழுகுகிறவனுக்கு மாத்திரம் ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டு, 100 கிலோ மீட்டருக்கு ஒரு பலகை வைத்து, இவ்விடத்துத் தண்ணீர் குளிக்கத் தகுமா, குடிக்கத் தகுமா என்று எழுதச் சொன்னார்கள். இத்தனை வருஷ வழக்கிலே எல்லாவற்றிலும் பகுத்தறிவான உத்தரவு இதுவே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் 100 கிலோ மீட்டர் அதிக தூரம். படித்துறைக்கு ஒரு பலகை இருக்கட்டும். அதிலே அன்றைய மலக்கிருமிக் கணக்கை அந்த ஊர் ஜனங்களுக்குத் தெரிந்த பாஷையில், பெரிய எழுத்தில் எழுதட்டும். ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில், அதை வைக்கட்டும்.